புறாவால் கொட்டாப்புளி: கைப்பிடி உள்ளே போனது எப்படி?

அண்மையில் நான் செய்த கொட்டாப்புளி (உளியை அடிக்கும் மரச்சுத்தியல்) ஒன்றைப் பார்த்தவர்கள் அனைவரும் ஒரே இடத்தில்தான் தயங்கி நின்றார்கள். தலைக்கட்டையின் இரண்டு பக்கங்களிலும் கைப்பிடியின் முனை, புறாவின் வால்போல, மேலே அகன்றும் கீழே குறுகியும் தெரிகிறது. அகன்ற முனை கீழிருந்து ஏற முடியாது. மேலிருந்து இறக்கலாமென்றால், தலைக்குக் கீழே கைப்பிடி அதைவிட அகலம். பக்கவாட்டில் செருகலாமென்றால், மேலிருந்து பார்க்கும்போது வால் உட்புறம் அகன்று கட்டையைக் கவ்விக்கொண்டிருக்கிறது. வந்த கேள்விகளையும் என் பதில்களையும் கீழே தருகிறேன்.

கேள்வி (ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): ஐயா, தலைக்கட்டையை இரண்டாக அறுத்து, கைப்பிடியை நடுவில் வைத்துப் பிறகு ஒட்டிவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சரியா?

பதில்: இல்லை. தலைக்கட்டையின் அடிமுகத்தில், அதாவது உளியை அடிக்கும் முகத்தில், மரத்தின் வளையக் கோடுகளைப் பாருங்கள். ஒட்டிய கட்டையாக இருந்தால் அவை எங்காவது முறிந்திருக்கும். தலை ஒரே துண்டு, கைப்பிடியும் ஒரே துண்டு.

நாம் எல்லோரும் கைப்பிடி நேராக மேலே ஏறுகிறது என்று எண்ணிக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. உண்மையில் கைப்பிடியின் மேற்பகுதி இரண்டு கால்களாகப் பிரிந்திருக்கிறது. அவை தலையின் இரு பக்கங்களிலும் வெட்டிய காடிகளில் (பள்ளங்களில்), மேல்நோக்கியும் வெளிநோக்கியும் ஒரே நேரத்தில் சாய்வாக ஏறுகின்றன. காடியின் தரை கீழே ஆழமாகவும் மேலே ஆழம் குறைந்தும் சரிந்திருக்கிறது. வாலின் உண்மையான அகலம் அந்தத் தரையில் எல்லா இடத்திலும் ஒன்றுதான். தரை வெளிப்பரப்புக்கு நெருங்கி வரும் மேல்முனையில் அகலம் அதிகமாகவும், விலகிப்போகும் கீழ்முனையில் குறைவாகவும் நம் கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் இரண்டு கால்களையும் ஒன்றையொன்று நோக்கி நெருக்கிப் பிடித்து, தலையின் அடியில் நுனிகளை நுழைத்து அடித்தால், ஏற ஏற அவை விரிந்து, இறுதியில் வளைவே இல்லாத பழைய நிலைக்கு வந்து நின்றுவிடும்.

கேள்வி (மதுரையில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர்): அளவுகளைத் தந்தால் நாளைக்கே செய்து பார்ப்பேன்.

பதில்: தலைக்கட்டை 140 மி.மீ. நீளம், 80 மி.மீ. உயரம், 54 மி.மீ. கனம். காடியின் ஆழம் கீழே 15 மி.மீ., மேலே 9 மி.மீ. எனவே இரு காடிகளுக்கும் நடுவில் மிஞ்சும் திட்டு, கீழே 24 மி.மீ., மேலே 36 மி.மீ. இருக்கும். காடித் தரையின் அகலம் முழுக்க 40 மி.மீ.; வெளிப்பக்கத்தில் கீழே 25, மேலே 31. இந்த அளவுகளை, வால் தெரியும் பக்கமான முகப்பிலும் அடியிலும் மேலேயும் குறித்துக் கோடுகளால் இணைத்தால் காடிச் சுவர்கள் திருகல் இல்லாமல் சமதளமாக அமையும். ரம்பம் நேராக ஓடும். நான் முதன்முறை முகப்பின் சரிவை மட்டும் கண்மதிப்பில் கூட்டிவிட்டேன். சுவர் திருகிப்போய், கால் பாதியில் சிக்கி நின்றது. முகப்பில் வால் இன்னும் எடுப்பாகத் தெரியவேண்டுமென்ற ஆசை எல்லோருக்கும் வரும், அதை அடக்கிக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக்கு 380 மி.மீ. நீளத்தில் 40-க்கு 54 கட்டை போதும். மேல் 80 மி.மீ. தலைக்குள் போகிறது. அதற்குக் கீழே மேலும் 150 மி.மீ. வரை 24 மி.மீ. அகலப் பிளவு. பிளவு முடியும் இடத்தில் முதலிலேயே ஒரு வட்டத் துளை போட்டுவிடுங்கள். கூர்மையான மூலையை விட்டால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். தலைக்குள் போகும் பகுதியில் மட்டும் பிளவு மேல்நோக்கி 24-லிருந்து 36 மி.மீ. ஆக விரிகிறது. தலைக்குக் கீழே காலின் 40 மி.மீ. அகலத்தை அப்படியே தோளாக விட்டுவிட வேண்டும். தலையின் அடிப்பக்கத்தைப் பார்த்து ரகசியத்தைக் கண்டுபிடிப்பவர்களை அந்தத் தோள்தான் ஏமாற்றுகிறது.

கேள்வி (ஒரு பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்): கால்களை வளைக்க வெந்நீரில் வேகவைக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், அம்மா. ஒவ்வொரு காலும் 6 மி.மீ. மட்டுமே உள்ளே வளைகிறது; 230 மி.மீ. நீளமுள்ள காலுக்கு அது பெரிய வளைவு அன்று. வேகவைத்தால் கால் ஊதிவிடும், அந்த நிலையில் இழைத்துப் பொருத்தினால் காய்ந்தபின் ஆடும். காலில் தலைக்குக் கீழே உள்ள பகுதியை வெளிப்புறமாக இழைத்து 10 மி.மீ. கனத்துக்குக் கொண்டுவாருங்கள். கனம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தாலே, வளைக்கத் தேவைப்படும் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு சிறிய கிளாம்ப் போதும். தோள் இருக்கும் இடத்தை மட்டும் இழைக்கக் கூடாது.

நார் ஓட்டம்தான் முக்கியம். நார் காலின் நீளவாக்கில் நேராக ஓடாமல் குறுக்கே வெளியேறினால், கால் எச்சரிக்கை எதுவும் தராமல் பட்டென்று போய்விடும். எனக்கு ஒன்று அப்படிப் போயிருக்கிறது. கட்டையை அறுப்பதைவிட, நாரைப் பின்தொடர்ந்து பிளந்து எடுப்பது நல்லது.

கேள்வி: எந்த மரம்?

பதில்: தலைக்கு வைரம் பாய்ந்த புளி அல்லது கருவேலம், கைப்பிடிக்குப் பூவரசு. தேக்கு தலைக்கு வேண்டாம், அடிபட்ட இடம் விரைவில் நசுங்கும்.

கேள்வி (கோவையிலிருந்து, மரவேலை பழகத் தொடங்கியிருப்பவர்): உட்சரிவான காடிச் சுவரை உளியால் எப்படிச் சுத்தம் செய்வது? மூலைக்குள் உளி போகவே மறுக்கிறது.

பதில்: சுவரும் தரையும் சேரும் கோணம் சுமார் 63 பாகை, பக்கவாட்டு விளிம்புகள் தடித்த சாதாரண உளி அங்கே சுவரைத்தான் முதலில் தின்னும். விளிம்பு சரித்துத் தீட்டிய 12 மி.மீ. உளியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரு சுவர்க் கோடுகளிலும் சாய்வாக ரம்பத்தை ஓட்டுங்கள். பிறகு நடுவில் நாலைந்து வெட்டுகள் போட்டு, கழிவைத் துண்டு துண்டாகப் பெயர்த்து, தரைச் சரிவை இரு முனைக் கோடுகளிலிருந்தும் நடுநோக்கிச் செதுக்கி எடுங்கள். நார்கள் குறுக்கே வெட்டுப்பட்ட சுவர் முகத்தைச் சீவும்போது உளி கூராக இல்லாவிட்டால் நார் நொறுங்கித் தூளாக வரும். கூராக இருந்தால் மெல்லிய ஏடாகச் சுருளும். தூள் வந்தால் வேலையை நிறுத்திவிட்டுத் தீட்டுக்கல்லுக்குப் போங்கள்.

இன்னொன்று: முழுக் கொட்டாப்புளியில் இறங்குவதற்கு முன், மென்மையான பலகைத் துண்டில் ஒரு பக்கக் காடியும் ஒரு காலும் மட்டும் செய்து பாருங்கள். ஒரு காலுக்கு வளைவே தேவையில்லை, கையாலேயே சாய்வாக ஏற்றி இறக்கலாம். இதைச் செய்தவருக்கு மேலே நான் எழுதியவற்றில் பாதி தேவைப்படாது.

கேள்வி (மதுரைப் பட்டறைக்காரரே மீண்டும்): அழகு சரி. நாள் முழுக்க அடித்தால் தலை கழன்று பறக்காதா?

பதில்: நியாயமான சந்தேகம், ஒளிக்காமல் சொல்கிறேன். கால்கள் எந்த வழியாக ஏறினவோ அதே வழியாக இறங்கவும் முடியும். வீசும்போது தலை வெளியே இழுபட, அதைத் தடுப்பது கால்களின் விறைப்பும் உராய்வும் மட்டுமே. மேலும் காலின் அகலம் நாருக்குக் குறுக்கே இருப்பதால் வெயில் காலத்தில் சுருங்கும், தலையில் காடியின் அகலமோ நாரின் நீளவாக்கில் இருப்பதால் சுருங்காது. ஆகவே உழைக்கும் கருவி வேண்டுமென்றால், தலையைத் துளைத்து, மேல்முனை அகன்ற கைப்பிடியை மேலிருந்து இறக்கும் பழைய முறைதான் சிறந்தது. அதில் ஒவ்வொரு வீச்சும் பிடியை இறுக்கும்.

இதையே உழைக்க வைக்கலாம், வழி இருக்கிறது. ஏற்றி முடித்தபின், தலைக்கு ஒட்டிக் கீழே, இரு கால்களுக்கும் நடுவில் 24 மி.மீ. அகலமுள்ள ஒரு சக்கையை (அடைப்புக் கட்டையை)ப் பசை தடவி அடித்துவிடுங்கள். கால்கள் உள்ளே நெருங்க இடமில்லாமல் போவதால், தலை எங்கும் நகராது.

கேள்வி: சக்கை வைத்தபின் கழற்றிக் காட்ட முடியுமா?

பதில்: முடியாது. பேரன்களுக்கு வேடிக்கை காட்ட வேண்டுமென்றால் சக்கை இல்லாமல் இன்னொன்று செய்துவைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் இரண்டு வைத்திருக்கிறேன்.