'நீங்கள்லாம் முணுமுணுக்கிறீங்க' என்கிறார் அப்பா

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. டி.வி. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார். கேட்டால், "எனக்குக் காது நல்லாத்தான் கேட்குது, நீங்கள்லாம் முணுமுணுக்கிறீங்க" என்கிறார். செல்போன் ஆப் ஒன்றில் அவருக்குச் செவித்திறன் சோதனை செய்தேன். 'பரிசோதனை தேவை' என்று வந்தது. "போன் சொல்றதையெல்லாம் நம்புவியா?" என்று கோபப்படுகிறார். நம்பலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: நம்பலாம். ஆனால் அந்த ஆப் ஒரு சல்லடை மட்டும்தான். என்ன குறை, எதனால் வந்தது என்று அது சொல்லாது. 'இனியும் தள்ளிப்போடாதீர்கள்' என்பதுதான் அதன் முடிவுக்கு அர்த்தம்.

அப்பா பொய் சொல்லவில்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். வயதோடு வரும் கேள்விக்குறைவு, அதாவது காது கேட்கும் திறன் குறைவது, பெரும்பாலும் உயர் அதிர்வெண் (கீச்சென்ற) ஒலிகளில்தான் தொடங்கும். உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் (கனத்த ஒலியாக) பலமாக ஒலிப்பதால் பேச்சின் சத்தம் அவர் காதில் விழுகிறது. சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள்தான் நழுவிவிடுகின்றன. கடை, படை, தடை மூன்றும் அவருக்கு ஒன்றுபோலக் கேட்கலாம். நாம் முணுமுணுப்பதாகத் தோன்றுவது இதனால்தான். நாலு பேர் சேர்ந்து பேசும் இடத்தில் சிரமம் இன்னும் கூடும்.

இந்தச் சிரமத்தைத்தான் பல ஆப்கள் அளக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே மூன்று எண்களைச் சொல்லும். கேட்டதை அழுத்த வேண்டும். சரியாகச் சொன்னால் அடுத்த முறை எண்களைக் கேட்பது இன்னும் கடினமாகும், தவறினால் எளிதாகும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட இலவச ஆப்பும் இந்த வகைதான். எண்களைச் சொல்லும் மொழி அப்பாவுக்கு நன்றாகப் பழகியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொழி புரியாததும் காதின் குறையாகக் கணக்காகிவிடும்.

இன்னொரு வகை, 'பீப்' ஒலியை எவ்வளவு மெல்லியதாகக் கேட்க முடிகிறது என்று பார்ப்பது. மருத்துவ முகாம்களுக்கு எடுத்துச் செல்லும் கையடக்கக் கருவிகளில் இதற்கென அளவு திருத்திய ஹெட்போன் இருக்கும். சில கருவிகள் அறையின் இரைச்சலையும் கண்காணிக்கும். வீட்டில் கிடைக்கும் ஏதோ ஒரு இயர்போனில் வரும் டெசிபெல் (ஒலியளவு) எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒருமுறை திரும்பச் செய்து பாருங்கள். கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, காதை மூடும் ஹெட்போன் போட்டு, அப்பாவே அழுத்தட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று "இப்ப கேட்டுச்சா?" என்று கேட்கக் கூடாது. முடிந்தால் ஒவ்வொரு காதையும் தனித்தனியே சோதியுங்கள். இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் சோதனையில், நல்ல காது மற்றதன் குறையை மறைத்துவிடலாம்.

இந்த முறை 'சரி' என்று வந்தாலும், வீட்டில் சிரமம் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காது அழுக்கு அடைத்திருந்தால் எடுத்ததுமே தெளிவாகிவிடலாம். இல்லையென்றால் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) ஒலி புகாத அறையில் 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் வரை சோதித்து, எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைந்து தருவார். இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்றும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மறதிநோய் வரும் என்று அவரைப் பயமுறுத்த வேண்டாம். கேள்விக்குறைவு அதற்கான அபாயக் காரணிகளில் ஒன்று என்பது உண்மை. ஆனால் 2023-ல் வெளியான 'அச்சீவ்' ஆய்வில், காது மெஷின் உள்ளிட்ட சிகிச்சையால் மொத்தப் பங்கேற்பாளர்களிடம் சிந்தனைத்திறன் சரிவில் வித்தியாசம் தெரியவில்லை. அபாயம் அதிகமுள்ள முதியவர்களிடம்தான் சரிவு குறைந்தது. பேரப்பிள்ளைகளின் பேச்சு புரியும், போனில் நிம்மதியாகப் பேசலாம் என்று சொல்லிப் பாருங்கள். அதுவே போதுமான காரணம். உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் கேள்விக்குறைவு இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. இதில் கூச்சப்பட எதுவுமே இல்லை.

ஒன்றில் மட்டும் ஆப்பைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். திடீரென்று, ஒரு நாளிலோ இரண்டு மூன்று நாட்களிலோ ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பும் வாய்ப்பு குறையும். ஒரு காதில் மட்டும் விடாமல் இரைச்சல், தலைச்சுற்றல், சீழ் வடிதல் இருந்தாலும் நேராக மருத்துவரிடம்தான் போக வேண்டும்.