நிலம் விற்ற பணமும் பிட்காயினும்

கேள்வி: அப்பா விட்டுப்போன நிலத்தை விற்றதில் என் பங்காக ஆறு லட்சம் வந்திருக்கிறது. "இன்னும் பத்து வருஷத்துல வங்கியே இருக்காதுக்கா, எல்லாம் பிட்காயின்தான். மொத்தத்தையும் அதுல போடு" என்கிறான் தம்பி. படித்தவன், பாசமானவன். நம்பலாமா? – ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி, வேண்டாம். அந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

பிட்காயின் என்பது எந்த அரசும் வங்கியும் வெளியிடாத, கணினி வலையில் மட்டும் ஓடும் பணம். அதன் விலை ஏறுமா என்பது ஒன்று, அது உலகத்தை மாற்றுமா என்பது வேறு. தம்பி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். விலையை யாராலும் சொல்ல முடியாது. 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் 69,000 டாலரை ஒட்டி இருந்தது, அடுத்த நவம்பரில் 16,000க்கும் கீழே விழுந்தது. அப்புறம் ஏறவும் செய்தது.

உலகத்தை மாற்றும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் தெருமுனைப் பூக்காரம்மா கூடையில் க்யூஆர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பணம் வந்ததைப் பெட்டி சொல்லும்போது அவர் கை அடுத்த முழத்தை அளந்துகொண்டிருக்கும். யூபிஐ வந்தது 2016இல். பிட்காயின் ஓடத் தொடங்கியது 2009 ஜனவரியில். ஏழு வருஷம் மூத்தது, இன்னும் அந்தக் கூடைப் பக்கம் வரவில்லை. அதன் மூல வலையமைப்பு உலகம் முழுமைக்கும் சேர்த்து நொடிக்கு ஏழு பரிவர்த்தனை அளவில்தான் தாங்கும். அதோடு, நாளைக்கு விலை ஏறும் என்று வாங்கியவர் இன்றைக்கு அதைக் கொடுத்துப் பூ வாங்குவாரா?

எல் சால்வடார் என்ற சின்ன மத்திய அமெரிக்க நாட்டில் அரசே முயன்று பார்த்தது. 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்பூர்வப் பணமாக்கி, செயலியில் சேர்ந்தவர்களுக்கு 30 டாலர் மதிப்புக்கு இலவசமாகவும் கொடுத்தார்கள். பலர் அதைச் செலவழித்ததோடு சரி. அமெரிக்காவில் உழைக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில்கூட மிகச் சிறு பங்குதான் அந்த வழியில் போனது. கடைசியில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் (ஐஎம்எஃப்) 140 கோடி டாலர் கடன் பேசியபோது, கடைக்காரர் விலைக்குப் பதிலாகப் பிட்காயினை ஏற்றே ஆகவேண்டும் என்ற விதியை விட்டுக்கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்டது.

தம்பி பக்கமும் நியாயம் உண்டு. சொந்த நாட்டுப் பணம் மாதாமாதம் கரையும் அர்ஜென்டினா போன்ற இடங்களில் கிரிப்டோ, அதாவது பிட்காயின் போன்ற மின்நாணயங்கள், கைகொடுக்கிறது. ஆனால் அங்கே பலர் தேடுவது டாலரோடு மதிப்பைக் கட்டிவைத்த நாணயங்களை. அவர்களுக்கு வேண்டியது டாலர்தான்.

'வங்கி வேண்டாம்' என்கிறாரே தம்பி, அவர் பிட்காயின் வாங்குவதும் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாகத்தான் இருக்கும். கிரிப்டோ வாங்கி விற்க உதவிய எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய நிறுவனம் 2022 நவம்பரில் திவாலானபோது, பணம் போட்டவர்கள் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. நம் ஊரிலோ லாபத்துக்கு 30 சதவீத வரி, நஷ்டத்தைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை.

தம்பியோடு சண்டை வேண்டாம். பக்கத்தில் உட்காரவைத்து, இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறார், கடன் வாங்கிப் போட்டாரா என்று கேளுங்கள். உங்கள் ஆறு லட்சத்தைவிட எனக்கு அந்தக் கவலைதான் அதிகம்.