ஆட்டிசம் உள்ள என் 7 வயது மகன் பேருந்தை மட்டுமே வரைகிறான். வேறு படம் வரையப் பழக்க வேண்டுமா?

வேண்டாம். பேருந்தை விட்டுவிட்டுப் பூ வரை என்று நெருக்கினால், வரைவதையே விட்டுவிடக்கூடும்.

ஆட்டிசம் உள்ள லண்டன் ஓவியர் ஸ்டீபன் வில்ட்ஷயர் முதலில் விலங்குகளை வரைந்தார், பிறகு லண்டன் பேருந்துகள், அதற்கப்புறம்தான் கட்டடங்கள். பேசாத சிறுவனாக இருந்தவர் வாய்விட்டுக் கேட்கட்டும் என்று, பள்ளியில் தாளையும் பென்சிலையும் கொடுக்காமல் எடுத்து ஒளித்து வைத்தார்களாம். அவர் பேசிய முதல் சொல்லே ‘பேப்பர்’. இதைப் படித்துவிட்டு வீட்டில் தாளை ஒளிக்காதீர்கள். ‘எல்லாப் பிள்ளையும் வில்ட்ஷயர் ஆகுமா’ என்று யாராவது வருவார்கள். ஆக வேண்டாம். வகுப்பில் ‘யாரோடும் சேராத பையன்’ என்று பெயர் வாங்கியவனுக்கு, ‘நான் பஸ் வரைகிறவன்’ என்று சொல்லிக்கொள்ள ஒன்று கிடைக்கிறதே, அது போதும்.

ஏ3 தாளின் நான்கு மூலையையும் மாஸ்கிங் டேப்பால் மேசையில் ஒட்டுங்கள். தாள் நகர்ந்தால் கோடு பிசகும். பிசகினால் பல பிள்ளைகள் கிழித்துப் போட்டுவிடுவார்கள். 24 கிரேயானையும் பரப்பாமல் 4 மட்டும் வையுங்கள். கையில் பெயிண்ட் படுவது பிடிக்காவிட்டால், ஜிப் கவரில் இரண்டு ஸ்பூன் பெயிண்ட் விட்டு, காற்றை வெளியேற்றி, கவரின் வாயை டேப்பால் ஒட்டி, மேலிருந்து விரலால் கோடு போடட்டும். 15 நிமிடம் போதும். முடிய 2 நிமிடம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தாளில் நீங்களும் ஒரு பேருந்து வரையுங்கள். அவன் தாளில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். உங்கள் பேருந்து ஜன்னலில் ஒரு முகம் வரைந்து, ‘இது நான், வேலைக்குப் போறேன்’ என்று சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம், அவன் ஜன்னலிலும் ஆள் ஏற. ஏறினால் ‘யாருடா இது?’ என்று துளைக்காதீர்கள். ‘டிரைவருக்கு நீலச் சட்டை போட்டிருக்கியே’ என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள். பின்பக்கம் தேதி போட்டு, வரிசையாக ஃபைலில் வைத்து, அவ்வப்போது அவனோடு புரட்டுங்கள். முன்பு சக்கரம் இரண்டு, இப்போது ஆறு என்று அவனே பார்ப்பான். சுவரில் ஒட்டுவதாக இருந்தால் அவனைக் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓரத்தில் தென்னை. பள்ளிக் கண்காட்சிக்காகப் பிள்ளையின் கையைப் பிடித்து டீச்சரே வரைந்து, கீழே பிள்ளையின் பெயரை எழுதி மாட்டும் கொடுமை இன்னும் நடக்கிறது. வண்ணம் வெளியே போகக்கூடாதாம், வானம் நீலமாகத்தான் இருக்க வேண்டுமாம்! உங்களிடமும் கண்காட்சிக்குப் படம் கேட்டால், அவன் வரைந்த பேருந்தையே கொடுத்தனுப்புங்கள்.