வீட்டைச் சுற்றி இருக்கும் கொக்கையும் மைனாவையும் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது?

கேட்டவர் எழுதியிருப்பது: “பெரிய லென்ஸ் வாங்க வசதியில்லை, முதுமலை, வால்பாறை என்று போகவும் முடியாது. எங்கள் ஊரில் கொக்கும் மைனாவும்தான். இதை எடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இருக்கிறதா?”

இதே கேள்வியை என் வீட்டிலேயே பல வருடமாகக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உங்களுக்கும் என்னைப் போல சமையல், பிள்ளைகள், வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் காலையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. கொல்லையில் இருந்த புளியமரமும் விழுந்தது. நிவாரணத்துக்காக விழுந்த மரங்களை எல்லாம் செல்போனில் எடுத்தேன். அன்று ராத்திரி அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்தப் புளியமரத்தில் தினமும் சாயங்காலம் மடையான் கொக்குகள் வந்து அடையும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். மரம் நின்றபோது எடுத்த படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை. அடுத்த வருடம் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். 83 மடங்கு சூம் வரும். வெளிச்சம் மங்கினால் படம் சொரசொரவென்றுதான் இருக்கும். ஆனால் காலை ஏழு மணி வெயிலில் எனக்கு அது போதும்.

ஸ்கூட்டியில் போய் ஒரே வாய்க்கால் கரையில்தான் நிற்பேன். நத்தைகுத்தி நாரை, உண்ணிக்கொக்கு, கரிச்சான், ஆள்காட்டி, செம்போத்து. அவ்வளவுதான். பறவைகளுக்குப் பேர்போன வடுவூர் ஏரிக்கு வருடத்துக்கு ஒரு தடவை, கோடியக்கரைக்கு இதுவரை இரண்டே தடவை. காட்டுக்குப் போய் எடுப்பவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் உழைப்பு வேறு.

2023 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். வாய்க்கால் வளைவில், மதகுக்கு எதிர்க்கரையில், டீ கிளாஸ் வாய் அளவுக்கு ஒரு ஓட்டை. அதற்குக் கீழே மண்ணில் வெள்ளையாக எச்சம் வழிந்த கோடு. கோடு ஈரமாக இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வெண்மார்பு மீன்கொத்தி ஜோடி. மீன்கொத்தி என்று பெயர்தான், அன்று அது கொண்டுவந்தது அரணை. பூவரசங் கிளையில் உட்கார்ந்து அதை இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. அரணையின் வால் தனியாகத் துண்டித்து விழுந்து துடிக்கிறது. பிறகு தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓட்டைக்குள் நேராகப் போய்விட்டது. (கூட்டைப் படம் எடுக்கலாமா என்று யாராவது கேட்பீர்கள். நாற்பது அடி தள்ளி, ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன். ஒரு நாளும் கிட்டே போனதில்லை.)

ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறக்க வேண்டும் என்பதால் வாய்க்காலைத் தூர் வார பொக்லைன் வந்தது. கரையை வழித்துக்கொண்டே வருகிறார்கள். நான் ஓடிப்போய் ஓட்டுநரிடம் கேமராவைக் காட்டினேன். பதினெட்டு நாள் படம், ஒவ்வொன்றிலும் தேதி. “அக்கா, நானா முடிவு பண்ண முடியாது”ன்னு சொன்னார், ஆனால் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கூட இருந்த பெரியவர் ஒருவருக்குக் கோபம். “ஒரு குருவிக்காகக் கடைமடைக்குத் தண்ணி போகாம நிக்கணுமாம்மா?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நாங்களும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர்கள்தான், எங்கள் குறுவை நெல்லும் அந்தத் தண்ணீரை நம்பித்தான். நான் சொன்னது ஒன்றுதான்: “மாமா, மண்டி கிடக்கிறது தரையில. ஓட்டை இருக்கிறது கரை மேல. தரையை எவ்வளவு ஆழம் வேணும்னாலும் எடுங்க, இந்தப் பத்தடி கரையை மட்டும் வழிக்க வேண்டாம்.” ஓட்டுநர் தம்பி வண்டியை மதகு இருக்கும் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கையை நீட்டி அடியில் இருந்த மண்ணை மட்டும் அள்ளினார். தண்ணீர் வந்தபோது அந்த வளைவில் தடையில்லாமல்தான் போனது. ஜூன் கடைசியில் மின்கம்பியில் குஞ்சு உட்கார்ந்திருந்ததை எடுத்தேன். அலகு இன்னும் சிவக்கவில்லை, பழுப்பு. மார்பில் வரிவரியாக மங்கல். படம் கொஞ்சம் ஆடிப்போயிருக்கிறது. நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அது.

ஒரே இடத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் இன்னொன்றும் கிடைக்கும். 2023 ஜூன் படத்தில் அந்த வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர். 2024 ஜூன் படத்தில் அதே இடம் வெடித்துக் கிடக்கிறது, நடுவில் ஆள்காட்டி நடந்து போகிறது. அந்த வருடம் மேட்டூர் திறந்தது ஜூலை 28. இதை நான் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை, படத்தை நீட்டினால் போதும்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கேமரா வாங்கிய நாளிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் “நீதான் வெச்சிருக்கியே, வந்து எடுத்துக் கொடு.” ஒரு வளைகாப்பில் காலை ஆறு மணியிலிருந்து நின்று எடுத்தேன், பந்தியில் உட்காரவே நேரமில்லை. மெமரி கார்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் இன்றுவரை திருப்பித் தரவில்லை. அதில் பொங்கல் சமயத்தில் எடுத்த கொக்குப் படங்கள் இருந்தன. கேட்டால், “கொக்குதானே, திரும்ப எடுத்துக்கோ” என்கிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

நான் நிபுணர் இல்லை, அனுபவத்தில் தெரிந்தது மட்டும். கொக்கு மாதிரி வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வையுங்கள், இல்லையென்றால் இறகே தெரியாமல் வெளுத்துவிடும். வரப்பில் உட்கார்ந்து, பறவையின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள். மடையான் உட்கார்ந்திருக்கும்போது மண் நிறம், பறக்கும்போது வெள்ளை வெளேர். அதை ஒரு தடவை பிடித்துவிட்டால் கொக்கைச் சாதாரணம் என்று சொல்ல உங்களுக்கே மனசு வராது. போன் கேமராவா? மரத்தையும் வாய்க்காலையும் எடுக்க அதுவே போதும், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

அப்புறம் அந்த வளைவிலேயே கான்கிரீட் சுவர் வைத்துவிட்டார்கள். கரை சரியாமல் இருக்க என்றார்கள். எனக்குத் தாங்கவில்லை. பழைய படங்களைக் காட்டினேன், இந்தத் தடவை கேட்பார் இல்லை. மீன்கொத்தி இப்போது எங்கள் வயலில் தூர்ந்துபோன கிணற்றின் மண் சுவரில் தோண்டுகிறது. கிணற்றை மூடிவிடலாம் என்றிருந்த மாமனாரிடம் நேற்று படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அறுவடை முடியட்டும், பார்க்கலாம் என்றார்.