57ஆவதாக எடுக்கப்பட்டவர்: சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் வீரர்கள் பற்றிக் கேள்வி பதில்

கோவை மாவட்டப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஆண்டு கோடை முகாமுக்கு வந்த பிள்ளைகளுக்கு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் 2014ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் ஐந்து ஆட்டங்களையும் மாலை வேளைகளில் திரையிட்டுக் காட்டினோம். மயாமி ஹீட் அணியை 4–1 என்ற கணக்கில் ஸ்பர்ஸ் வென்ற தொடர் அது. ஆட்ட நுணுக்கங்களைப் பற்றிக் கேள்விகள் வரும் என்று காத்திருந்தேன். வந்தவை பெரும்பாலும் ஆட்டக்காரர்களின் ஊரையும் வீட்டையும் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பீளமேடு, கல்லூரி மாணவர்: சார், இது அமெரிக்க அணி என்கிறீர்கள். பாதிப் பேருடைய பெயர்கள் அமெரிக்கப் பெயர்களாகத் தோன்றவில்லையே?

சரியாகவே கவனித்திருக்கிறீர்கள். டோனி பார்க்கரும் போரிஸ் டியாவும் பிரான்சைச் சேர்ந்தவர்கள். ஜினோபிலி அர்ஜென்டினாவையும், ஸ்ப்ளிட்டர் பிரேசிலையும், பெலினெல்லி இத்தாலியையும், கோரி ஜோசஃப் கனடாவையும் சேர்ந்தவர்கள். பாட்டி மில்ஸும் ஏரன் பெய்ன்ஸும் ஆஸ்திரேலிய அணிக்கு ஆடியவர்கள். அணியின் தூணான டிம் டங்கன்கூட, அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டதென்றாலும் கரீபியக் கடலில் கிடக்கும் செயின்ட் குரோய் என்ற சிறு தீவில் பிறந்தவர்.

காரணம், அணிகள் ஆண்டுதோறும் புதிய ஆட்டக்காரர்களை வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறையில் இருக்கிறது. ஈரோட்டு மஞ்சள் ஏலத்தில் கையில் பணமுள்ளவர் நல்ல சரக்கைக் கொண்டுபோய்விடுவார். டிராஃப்ட்டில் இது தலைகீழ்: முந்தைய ஆண்டில் தோற்றுத் துவண்ட அணிகளுக்கே முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கும், வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். டங்கன் வந்த பிறகு ஆண்டுதோறும் வென்றுகொண்டே இருந்த ஸ்பர்ஸுக்கு, மற்றவர்கள் பொறுக்கி எடுத்தது போக மீதி இருந்தவர்கள்தாம் கிடைத்தார்கள். ஆகவே மற்றவர்கள் எட்டிப் பார்க்காத நாடுகளில் அவர்கள் ஆள் தேடினார்கள்.

கோபிசெட்டிபாளையம், பத்தாம் வகுப்பு மாணவர்: மனு ஜினோபிலியை 57ஆவது ஆளாக எடுத்தார்கள் என்றீர்களே சார், மொத்தம் எத்தனை பேர்?

1999ஆம் ஆண்டு எடுக்கப்பட்டவர்கள் மொத்தம் 58 பேர். அவருக்குப் பின்னால் ஒரே ஒருவர்தான்.

அவர் பிறந்த பாயியா பிளாங்கா என்ற துறைமுக நகரம், கூடைப்பந்துக்காகவே அர்ஜென்டினாவில் பேசப்படும் ஊர். தந்தை அங்கிருந்த உள்ளூர் மன்றத்தில் பயிற்சியாளர். அண்ணன்மார் இருவரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். தன்னைத் தேர்ந்தெடுத்த அணிக்கு ஜினோபிலி உடனே போய்விடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். இத்தாலியில் முதலில் ரெஜ்ஜோ கலாப்ரியாவிலும் பிறகு போலோன்யாவிலும் ஆடி, 2001இல் ஐரோப்பியச் சங்கங்களின் மிகப் பெரிய கோப்பையான யூரோலீகை வென்று, 2002இல்தான் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 25. முதல் பருவத்திலேயே அணி பட்டம் வென்றது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கின் அரையிறுதியில் அமெரிக்காவையே வீழ்த்திய அர்ஜென்டினா அணி தங்கமும் வாங்கியது. அந்த அணியின் உயிர்நாடியும் இவரே.

இவ்வளவுக்கும் பிறகு, ஆட்டத்தின் தொடக்கத்தில் களமிறங்காமல் பெஞ்சில் அமர்ந்திருந்து பின்னர் வருவதற்கு ஒப்புக்கொண்டார். அப்படிப் பின்னர் வருவோருக்கான சிறந்த ஆறாவது ஆட்டக்காரர் விருது 2008இல் அவருக்குக் கிடைத்தது. நம் ஊரில் முதல் ஐவரில் பெயர் இல்லையென்றால் சித்தப்பா முதல் மாமா வரை அத்தனை பேரும் பயிற்சியாளரிடம் சண்டைக்கு வருகிறார்கள். ஜினோபிலியின் வீட்டார் அப்படி வந்ததாகச் செய்தியில்லை.

திருப்பூர், ஒரு தாயார்: என் மகன் ஏழு வயதிலிருந்து நீச்சல் பழகியவன். இப்போது பதினான்கு வயதில் கூடைப்பந்துதான் வேண்டும் என்கிறான். காலம் கடந்துவிட்டதா, ஐயா?

அம்மா, உங்கள் மகனுக்கு டிம் டங்கனின் கதையைச் சொல்லுங்கள். அவரும் நீச்சல் வீரராகத்தான் வளர்ந்தார். அக்காள் 1988 ஒலிம்பிக்கில் நீந்தியவர். தம்பியும் அதே வழியில் போவார் என்றே வீட்டில் எண்ணியிருந்தார்கள். 1989 செப்டம்பரில் ஹியூகோ புயல் அந்தத் தீவைச் சூறையாடியபோது, அங்கிருந்த ஒரே ஒலிம்பிக் அளவு நீச்சல் குளமும் அழிந்தது. கடலில் பயிற்சி செய்யலாம் என்றால் பையனுக்குச் சுறா மீது பயம். அடுத்த ஆண்டு, அவருடைய பதினான்காம் பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தாயார் மார்பகப் புற்றுநோயால் இறந்துபோனார். நீச்சலுக்கு அவர் திரும்பவே இல்லை. வளையத்தின் பக்கம் வந்தது அதற்குப் பிறகுதான்.

படிப்பை முடிப்பேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கை மட்டும் அவர் விடவில்லை. பல கோடிகள் காத்திருந்தும், வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகள் முழுமையாகப் படித்து, உளவியலில் பட்டம் பெற்ற பிறகே 1997 டிராஃப்ட்டுக்கு வந்தார். முதல் ஆளாக எடுக்கப்பட்டு, 19 பருவங்கள் ஒரே அணிக்காக ஆடி, ஐந்து பட்டங்கள் வென்றார். அவருடைய கால்வேலையைப் பாருங்கள். குதிப்பதே குறைவு, நிற்கும் இடம்தான் சரியாக இருக்கும். நீந்தியவனின் தோளும் மூச்சும் வீணாகப் போகாது, தைரியமாக அனுப்புங்கள்.

உடுமலை, பள்ளி மாணவி: டோனி பார்க்கர் எந்த ஊர்?

பிறந்தது பெல்ஜியத்தின் புரூஜ் நகரில், வளர்ந்தது பிரான்சில். தந்தை ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய அமெரிக்கர். 2001இல் 28ஆவதாக எடுக்கப்பட்டார். முதல் சோதனை ஆட்டத்தில் பயிற்சியாளர் கிரெக் போப்போவிச்சுக்கு இவரைப் பிடிக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்துப் பார்த்தபோதுதான் மனம் மாறினார். 2007 இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதைப் பெற்ற பார்க்கர், அவ்விருதைப் பெற்ற முதல் ஐரோப்பியர்.

கரூர், இருபத்திரண்டு வயது இளைஞர்: மாவட்ட அணியில் எடுத்து, இரண்டே வாரத்தில் நீக்கிவிட்டார்கள். இனி வேலையைப் பார்க்கப் போகலாமா என்று யோசிக்கிறேன் சார்.

வேலையைப் பாருங்கள், தவறில்லை. ஆனால் அதற்கு முன் டேனி கிரீனைப் பற்றிக் கேளுங்கள். நார்த் கரோலைனா பல்கலைக்கழக அணியோடு 2009இல் கல்லூரி அணிகளுக்கான கோப்பையை வென்றவர். அதே ஆண்டு 46ஆவதாக கிளீவ்லாந்து அணி எடுத்தது. ஒரு பருவத்துக்குப் பிறகு விட்டுவிட்டது. ஸ்பர்ஸ் சேர்த்துக்கொண்டது, ஒரு வாரம் தாண்டுவதற்குள் அதுவும் நீக்கிவிட்டது. அவர் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டாம் நிலைத் தொடரில் ரீனோ என்ற ஊரின் அணிக்கு ஆடினார். ஸ்பர்ஸ் மீண்டும் அழைத்தது. 2011இல் சம்பளத் தகராறால் என்.பி.ஏ. முடங்கியபோது ஸ்லோவேனியாவுக்குப் போய் ஆடினார். 2013 இறுதிச் சுற்றில் 27 மூன்று புள்ளி எறிதல்களை அவர் போட்டபோது, ஓர் இறுதிச் சுற்றில் அதுவரை யாரும் அத்தனை போட்டதில்லை. அந்தத் தொடரில் அணி தோற்றது என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டு வென்றார்கள். பின்னாளில் டொராண்டோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் அவர் மேலும் இரண்டு பட்டங்கள் வாங்கினார்.

நீக்கப்பட்ட காலத்திலும் அவர் வாரந்தோறும் எங்கேயோ ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார் என்பதுதான் நான் சொல்ல வருவது. இந்த அணியில் யாருடைய வரலாற்றை எடுத்தாலும் இதுவே தெரியும். நம் பிள்ளைகளின் குறை உயரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. உங்கள் ஊரின் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பையும் கோவையின் பி.எஸ்.ஜி. கோப்பையும் முடிந்துவிட்டால், அடுத்த ஆண்டு வரை கூட்டத்துக்கு முன்னால் ஆடும் வாய்ப்பு எத்தனை பேருக்கு இருக்கிறது? பயிற்சி மட்டும் செய்பவன், தறியை ஓட்டாமல் எண்ணெய் மட்டும் போடுகிறவனைப் போன்றவன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் எந்த ஊரில் நடந்தாலும் பேருந்து ஏறிப் போய் ஆடுங்கள்.

தாராபுரம், ஒரு பெரியவர்: தம்பி, லெனர்டு என்ற அந்தப் பையன் கோப்பை வாங்கியபோதுகூட ஏன் சிரிக்கவில்லை?

ஐயா, கவாய் லெனர்டு இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர். கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் கார் கழுவும் நிலையம் நடத்திவந்த அவருடைய தந்தை, 2008 ஜனவரியில் அந்த இடத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் அப்போது பள்ளி மாணவர். மறுநாள் நடந்த பள்ளி ஆட்டத்தில் அவர் ஆடினார். ஆட்டம் முடிந்த பிறகு தாயாரின் தோளில் சாய்ந்து அழுதார். 2011இல் இந்தியானா அணி 15ஆவதாக எடுத்த இவரைப் பெறுவதற்காக, ஸ்பர்ஸ் தன் நல்ல ஆட்டக்காரர்களில் ஒருவரான ஜார்ஜ் ஹில்லை விட்டுக்கொடுத்தது. 22 வயதில் இறுதிச் சுற்றின் சிறந்த வீரரானார். நீங்கள் பார்த்த கோப்பை அதுதான்.

பொள்ளாச்சி, ஆசிரியை: பாட்டி மில்ஸ் ஆஸ்திரேலியப் பழங்குடியினர் என்று முகாமில் சொன்னீர்கள். அதை இன்னும் விரிவாகச் சொல்ல முடியுமா?

தந்தை டோரஸ் நீரிணைத் தீவினர், தாய் பூர்வகுடிப் பெண். மில்ஸ் வளர்ந்தது கான்பெராவில். 2009இல் 55ஆவதாக எடுக்கப்பட்டார். சிறிது காலம் சீனாவின் சின்ஜியாங் அணிக்கும் ஆடினார். எட்டி மாபோ என்பவர் அவருக்குப் பாட்டன் உறவு. ஆஸ்திரேலியா வெள்ளையர் வரும்வரை யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்ற வாதத்தை எதிர்த்து வழக்காடியவர் மாபோ. 1992 ஜூன் 3 அன்று அந்நாட்டு உயர் நீதிமன்றம் பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்றபோது, அவர் உயிரோடு இல்லை. பட்டாவுக்காகத் தலைமுறைக் கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்கள் உள்ள நம் ஊருக்கு இதன் எடை சொல்லாமலே புரியும்.

2014 இறுதிச் சுற்றுக்கு முன்பு அந்த நாள் வந்தபோது, போப்போவிச் ஆட்டப் படங்களை ஒதுக்கிவைத்துவிட்டு மாபோ யார் என்பதை அணியினருக்குச் சொன்னார். விமானப்படைக் கழகத்தில் சோவியத் நாட்டைப் பற்றிப் படித்தவர், அதனால் வரலாற்றில் அவருக்கு நாட்டம் உண்டு. ஐந்தாம் ஆட்டத்தில் பெஞ்சிலிருந்து வந்த மில்ஸ் 17 புள்ளிகள் எடுத்தார். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியக் கொடியை ஏந்தினார். அந்த அணி வெண்கலம் வென்றது.

ஈரோடு, பயிற்சியாளர்: டியாவின் உடம்பைப் பார்த்தால் ஆட்டக்காரர் போலவே இல்லையே, அண்ணா?

2012இல் சார்லட் அணியும் அப்படித்தான் எண்ணிக் கழற்றிவிட்டது, தம்பி. தாய் பிரான்சின் புகழ்பெற்ற கூடைப்பந்து வீராங்கனை, தந்தை செனகல் நாட்டு உயரம் தாண்டும் வீரர். ஆட்டம் உடம்பில் அல்ல, கண்ணில் இருந்தது. 2014 இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டத்திலிருந்து அவரைத் தொடக்கத்திலேயே இறக்கினார்கள். அதற்குப் பிறகு ஸ்பர்ஸ் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை.

கோவை, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: எல்லாம் ஆண்களைப் பற்றியே இருக்கிறதே சார்?

ஞாயமான கேள்வி. அதே சான் அன்டோனியோவின் பெண்கள் அணியில் ஆடிய பெக்கி ஹாமனை 1999இல் எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. பயிற்சி முகாமுக்குப் போய்த் தன் இடத்தைப் பிடித்தவர் அவர். 2014 ஆகஸ்டில் போப்போவிச் அவரை உதவிப் பயிற்சியாளராக நியமித்தார்; என்.பி.ஏ.வில் முழுநேரமாக அப்பொறுப்பை ஏற்ற முதல் பெண் அவர்தான். பின்பு லாஸ் வேகஸ் பெண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகி 2022இலும் 2023இலும் பட்டம் வென்றார்.

நமக்குப் பக்கத்திலும் ஒருவர் உண்டு. கேரளத்தில் பிறந்து, சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய கீத்து அன்னா ஜோஸ், 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொடரின் மூன்று அணிகளில் சோதனை ஆட்டம் ஆடினார்; அவற்றுள் ஒன்று இந்தச் சான் அன்டோனியோதான். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. ரயில்வே வேலையிலிருந்து அந்தக் களம் வரை போய்வந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். அதே ரயில்வேயின் அனிதா பால்துரை இந்திய அணியின் தலைவராக இருந்து 2021இல் பத்மஸ்ரீ பெற்றார்.

அவிநாசி, ஒரு தந்தை: ஐயா, ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். நம் பையன்களில் ஒருவன் அங்கே போக முடியுமா?

பஞ்சாபின் பல்லோ கே கிராமத்து சத்னாம் சிங், 2015இல் டல்லாஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்து டிராஃப்ட்டில் எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர். ஏழடிக்கும் மேல் உயரம் இருந்தும், என்.பி.ஏ.வின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலைத் தொடரோடு நின்றுபோயிற்று. ஆகவே உங்கள் மகனை அதற்காக வளர்க்காதீர்கள். வங்கியோ ரயில்வேயோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தந்தால் வாங்கிக்கொள்ளட்டும். அந்த அணிகளும் நல்ல அணிகளே. ஆணை கைக்கு வந்த மாதமே பந்தைப் பரணில் போட்டுவிட்ட மாணவர்கள் சிலர் எனக்கு உண்டு. உங்கள் மகன் அப்படிச் செய்தால், சம்பள நாளன்று என்னிடம் அனுப்பிவையுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.