வீட்டுக் கொல்லையில் மூங்கில் வைக்கலாமா? வேர் சுவரைப் பிளக்குமா, பாம்பு வருமா?

மனை வாங்கி காம்பவுண்டும் கட்டிவிட்டீர்கள், இப்போது மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ பயமுறுத்துகிறார்கள், அப்படித்தானே? வைக்கலாம். ஓடிப் பரவும் மூங்கிலை மட்டும் வேண்டாம், குத்தாக வளர்வதை வையுங்கள்.

எங்கள் கொல்லை வேலூர் மாவட்டம் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம். வரப்போரம் கல்மூங்கில் நிற்கிறது. டென்ட்ரோகாலமஸ் ஸ்ட்ரிக்டஸ் என்பார்கள், முள் கிடையாது, நம் வேலூர் வெயிலைத் தாங்கும். கோடையில் இலையெல்லாம் கொட்டிவிடும், செத்துப்போச்சு என்று வெட்டிவிடாதீர்கள், மழை விழுந்ததும் குருத்து வரும். வறண்ட மண்ணில் நின்றால்தான் கழி உள்ளே கெட்டியாக இருக்கும், வாழைக்குப் பாய்ச்சுவது போல் தண்ணீர் விட்டால் உயரமாகப் போகும், உள்ளே பொள்ளலாகிவிடும். குத்து வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அகலும், அதனால் சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வையுங்கள். அவ்வளவு இடம் இல்லையா, விட்டுவிடுங்கள். பாம்பு எலிக்காக வருகிறது, சருகைக் கூட்டி எடுத்தால் போதும். 'எங்க வீட்டுல வந்துச்சே' என்று யாராவது கீழே எழுதுவீர்கள், தெரியும்.

வெட்டினால் கேஸ் போடுவார்கள் என்பதும் பழைய கதை. 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்று வருடம் முற்றிய கழியாகப் பார்த்து, மழை ஓய்ந்த பிறகு, தரைக்கு மேல் முதல் கணுவை ஒட்டி வெட்டுங்கள், கணுவுக்கு மேல் குழி விட்டால் தண்ணீர் தேங்கி அழுகும். வெட்டியதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்தால் உளுப்பது குறையும். தக்காளிக்கு ஊன்ற, தொரட்டிக்கு, ஏணிக்கு நாங்கள் காசு கொடுத்து வாங்குவதே இல்லை.

எனக்கு எரிச்சல் வேறு. 'வீட்டுல மூங்கில் ஆகாது, பாடைக்குத்தான் ஆகும்' என்று எங்கள் சொந்தத்திலேயே ஒருவர் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சொன்னார். ஊரில் சாவு விழுந்தால் நடுராத்திரி எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள், அதற்கு நான் இல்லை என்றதில்லை, காசும் வாங்கியதில்லை. அதே ஆள் போன வருடம் பெயிண்ட் அடிக்க ஏணி வாங்கிப் போனார். கேட்டால் 'அங்கதாம்பா இருக்கு, எங்க போயிடப்போவுது' என்கிறார். இரவல் ஏணி திரும்பி வந்த வீடு எங்காவது இருந்தால் சொல்லுங்கள்.

சரி, கன்று ஆடியில் வையுங்கள், முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள்.