கொலம்பஸில் வாந்தி எடுத்தவர் ரோலர் கோஸ்டரில் ஏறலாமா?

சேலத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எனக்கு 36 வயது. லீவில் குடும்பத்தோடு பெங்களூரு வொண்டர்லா போகிறோம். பொருட்காட்சியில் கொலம்பஸ் ஏறி, இறங்கியதும் வாந்தி எடுத்த ஆள் நான். ரோலர் கோஸ்டரைப் பார்த்தாலே கை காலெல்லாம் உதறுகிறது. 9 வயது மகனோ 'நீயும் வரணும்மா' என்று நச்சரிக்கிறான். சமாளிக்க வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு. பயம் வேறு, குமட்டல் வேறு. ரைடில் ஏற ஏறப் பயம் குறையும், குமட்டலோ சேர்ந்துகொண்டே போகும். "இன்னொரு தடவை ஏறினா சரியாயிடும்" என்று கூட வருகிறவர்கள் சொல்வார்கள் இல்லையா, அது பயத்துக்குத்தான் பொருந்தும். குமட்டல் வந்தவரை அப்படி இழுத்துப்போனால் சீட்டை யாராவது கழுவ வேண்டியிருக்கும்.

குமட்டல் வயிற்றில் ஆரம்பிப்பதில்லை, காதில் ஆரம்பிக்கிறது. உட்காதில் உள்ள மூன்று அரைவட்டக் குழல்கள் தலை சுழல்வதையும், பக்கத்திலேயே இருக்கும் இரண்டு சின்னப் பைகள் முன்பின், மேல்கீழ் அசைவையும் மூளைக்குச் சொல்கின்றன. கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாதபோதுதான் வாய் ஊறுவது, கொட்டாவி, குளிர்ந்த வியர்வை எல்லாம் வரிசையாக வரும். இதில் மோசமானது ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் மெதுவாகப் போய்த் திரும்பும் ஆட்டம், அதாவது கடலில் கப்பல் ஆடுவது, கொலம்பஸ் ஆடுவது. அதனால் நீங்கள் பயப்படும் ரோலர் கோஸ்டர் உங்களுக்குக் கொலம்பஸை விடச் சுலபமாகவே இருக்கலாம், அது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். சரிவில் இறங்கும்போது வயிறு தொண்டைக்கு வருகிற மாதிரி இருப்பது குமட்டல் இல்லை. எடை இழந்த அந்த நொடியில் உள்ளுறுப்புகள் லேசாக மிதப்பதைத்தான் அப்படி உணர்கிறோம்.

முதலில் சின்ன கோஸ்டர் ஒன்று இருந்தால் அதில் ஏறுங்கள். பெரியதை ஏறும் முன் கீழே நின்று இரண்டு மூன்று சுற்று பாருங்கள், எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்று. நடுவரிசையில் உட்காருங்கள், கடைசி வரிசை சரிவில் சுண்டி இழுக்கும். கண்ணை மூடவே கூடாது, தண்டவாளம் போகும் திசையைப் பார்த்தால் அடுத்த திருப்பத்துக்கு உடம்பு தயாராகிவிடும். தலையைச் சீட்டில் அழுத்தி வைத்து, மூச்சை அடக்காமல் கத்துங்கள், கத்துவதும் மூச்சை வெளியே விடுவதுதானே. வொண்டர்லாவில் உள்ள 'ரீகாயில்' என்ற கோஸ்டர் போன இடத்துக்கே பின்பக்கமாகத் திரும்பி வரும் ரகம், எதிர்பார்க்கவே முடியாது, அதை மகனோடு அப்பா ஏறட்டும்.

வரிசையில் நிற்கும்போது "பயப்படாதே" என்று மனசுக்குச் சொல்வது வேலைக்கு ஆகாது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், படபடப்பை அடக்கப் பார்த்தவர்களை விட "எனக்கு உற்சாகமா இருக்கு" என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். அது பாட்டு, மேடைப்பேச்சு, கணக்கு பற்றியதுதான், ராட்டினம் பற்றியது இல்லை. ஆனாலும் இதயம் படபடப்பது இரண்டிலும் ஒன்றுதான், காசா பணமா, சொல்லிப் பாருங்கள்.

சுற்றும் ரைடுகளை, கப் அண்ட் சாஸர் மாதிரியானவற்றை, நீங்கள் தவிர்ப்பது நல்லது. குழந்தைகள் சுற்றுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மகனுக்காக ஏறியே ஆகவேண்டும் என்றால் வெளியே பார்க்காமல் கூடவே சுற்றும் மகன் முகத்தைப் பாருங்கள். 3டி சினிமா ரைடில் மட்டும் தலைகீழ்: தலை சுற்றினால் கண்ணை மூடிவிடுங்கள், அங்கே பொய் சொல்வது கண்தான்.

சாப்பாடு பற்றி: வெறும் வயிற்றில் போவது தப்பு, பூரி கிழங்கை ஒரு கட்டு கட்டிவிட்டுப் போவதும் தப்பு. ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு மூன்று இட்லி போதும். பையில் இஞ்சி மரப்பா வைத்துக்கொள்ளுங்கள், ஓரளவு கேட்கும். அவோமின் போன்ற மாத்திரை உதவும், ஆனால் ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்தபின் போட்டுப் பெரிதாகப் பயன் இல்லை. தூக்கம் வரும் என்பதால் திரும்பும்போது கார் ஓட்டுபவர் போடக்கூடாது. முதல் தடவை என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டு, வீட்டில் இருக்கும் ஒரு நாளில் போட்டுப் பாருங்கள்.

வாய் ஊற ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்துங்கள். நிழலில் உட்கார்ந்து தூரத்தில் ஏதாவது மரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மனசு தெளிந்தபின்கூட அரை மணி நேரம் விடுங்கள்.

மகனையும் கவனியுங்கள். இந்தப் பயணக் குமட்டல் உச்சத்தில் இருப்பதே ஒன்பது, பத்து வயதில்தான், தைரியசாலிகளும் விதிவிலக்கு இல்லை.

கர்ப்பம், இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கழுத்து முதுகு பிரச்சினை, சமீபத்தில் ஆபரேஷன் என்று எதுவும் இருந்தால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்கு இல்லை. பையைப் பிடித்துக்கொண்டு கீழே நில்லுங்கள், வீடியோ எடுக்கவும் ஒருத்தர் வேண்டும்.